பூட்டில்லாத கதவு

இருபத்தொன்பது வருட வேலையில் நான் எந்தக் கட்டுரையையும் தாமதமாகக் கொடுத்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்பட வேறு அதிகமாக எதுவும் இல்லாததால் சொல்கிறேன். காய்ச்சலில் படுத்துக்கொண்டு கொடுத்திருக்கிறேன். தங்கை கல்யாணத்தன்று கை கழுவும் இடத்தில் நின்றபடியே ஒரு முன்னாள் நீதிபதியை முடித்து அனுப்பியிருக்கிறேன். முடித்து என்றால், அவரைப் பற்றிய கட்டுரையை. இந்த அறையில் வார்த்தைகளைக் கொஞ்சம் பார்த்துப் பேச வேண்டும் என்பது எனக்கே தெரிகிறது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, இன்ஸ்பெக்டர். மேனேஜர் ஐயா இறந்தது சனிக்கிழமை மாலை நாலு நாற்பத்தேழுக்கு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் இறந்துவிட்டார் என்ற கட்டுரை என் கைப்பேசியிலிருந்து பத்திரிகைக்குப் போனது நாலு இருபத்திரண்டுக்கு. நடுவில் இருக்கும் இருபத்தைந்து நிமிடத்துக்குக் கணக்கு என்ன என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. எங்கள் ஆசிரியருக்கு இப்படி ஒரு கேள்வி இதுவரை தோன்றியதில்லை. விவரமாகவே சொல்கிறேன். அந்தத் தண்ணீர் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

பத்திரிகையில் நான் பார்ப்பது மறைந்தவர்கள் பக்கம். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர் யார் போனாலும் அவர் என் கை வழியாகத்தான் போக வேண்டும். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பெரிய மனிதர்களைப் பற்றிய கட்டுரைகளை அவர்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே எழுதி வைத்துவிடுவோம். சாவு எந்த நேரத்திலும் வரும், பக்கம் மூடும் நேரமோ மாறாது. அதனால் வயது, தேதி, காரணம் என்று மூன்று இடங்களை மட்டும் காலியாக விட்டுவிட்டு மற்றதெல்லாம் தயாராக இருக்கும். அலுவலகத்தில் அந்தக் கோப்புக்கு ஐஸ் பெட்டி என்று பெயர். எனக்குச் சித்திரகுப்தன் என்று பெயர். "சித்திரகுப்தன் நலம் விசாரிச்சா போய் உயிலை எழுதிடணும்பா" என்று எதிர் மேஜைக்காரர் புதிதாக வந்தவர்களிடம் சொல்வார். நானும் சிரிப்பேன். தொழில் மரியாதைதானே.

ஐஸ் பெட்டியில் மொத்தம் நாற்பத்தோரு பேர். நாற்பது பேரைப் பற்றி எழுதியது கட்டுரை. மேனேஜர் ஐயாவைப் பற்றி எழுதியது இலக்கியம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாலு வருடமாக அதை எடுத்து எடுத்துத் தேய்த்து, ஒரு சொல்லை மாற்றி, மறுநாள் பழைய சொல்லையே திரும்ப வைத்து, பிள்ளைக்குத் தலைவாரிவிடும் தகப்பன் மாதிரி இருந்தேன். என் சொந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் கூடத் தலைவாரி விட்டதில்லை என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். அதுவும் உண்மைதான்.

அவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வங்கியிலிருந்து ஓய்வுபெற்று இருபது வருடமாகியும் ஊரே அவரை மேனேஜர் என்றுதான் கூப்பிட்டது. ஓய்வுபெற்ற ஆறாவது மாதம் ஒற்றை அறையில் இலவச மருத்துவமனை ஒன்றை ஆரம்பித்தார். இன்று அதில் பன்னிரண்டு கட்டில்கள், ஒரு பரிசோதனைக் கூடம், முறை வைத்து வரும் இரண்டு டாக்டர்கள். கட்டடம் மூன்று பக்கமும் வளர்ந்துவிட்டது. நடுவில் அந்த முதல் அறை அப்படியே நின்றது. பிறகு அதுவே அவருடைய அறையாகிவிட்டது.

வங்கியை விட்டு அவர் வந்தாரே தவிர, வங்கி அவரை விட்டு வரவில்லை. நோயாளிகளுக்குப் பித்தளை டோக்கன். கவுண்டரில் நூல் கட்டிய பேனா. டாக்டர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் டாக்டரைப் பார்க்க மாட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு முனை சிவப்பும் மறு முனை நீலமுமான பென்சில் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். எதைப் படித்தாலும் வரிக்கு வரி நீலத்தால் ஒரு டிக் போடுவார். தப்பு இருந்தால் சிவப்பால் ஒரு வட்டம். யோசிக்கும்போது அந்தப் பென்சிலால் மேஜையை மூன்று தட்டுத் தட்டுவார். சிறிது இடைவெளி விட்டு மறுபடி மூன்று.

காலை முழுவதும் கவுண்டருக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் இருப்பார். வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். டாக்டர்களின் கையெழுத்தைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவர். "முப்பத்தஞ்சு வருஷம் ஊர்க் கையெழுத்தெல்லாம் பார்த்தவனுக்கு இது ஒரு வேலையா" என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை உறையின்மேல் சிவப்பால் சூரியனும் நீலத்தால் நிலாவும் வரைந்து கொடுப்பார். வரைந்ததோடு விடமாட்டார். எதை எப்போது போட வேண்டும் என்று அவர்களைத் திருப்பிச் சொல்ல வைப்பார். ஒரு கிழவர் மூன்று முறை தப்பாகச் சொன்னபோது நான்காவது முறையும் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் என் கட்டுரையில் இல்லை. சூரியனும் நிலாவும் சின்ன விஷயங்கள் என்று நினைத்துவிட்டேன். என்னிடம் பெரிய விஷயம் ஒன்று இருந்தது.

அந்தப் பெரிய விஷயத்தை நீங்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருக்க வயது பொருந்தாது. உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள். ஒரு மழை நாள். வங்கிக் கவுண்டர் மூடி ஐந்து நிமிடம் ஆகிறது. மூட்டை தூக்கும் ஒருவர் நனைந்துகொண்டு ஓடி வருகிறார். அவருடைய சொந்தச் சேமிப்பைத்தான் கேட்கிறார். குழந்தைக்கு மருந்து வாங்க வேண்டும். நேரமாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்கிறார் மேனேஜர். மறுநாள் அவர் வருகிறார். ஆனால் பணம் வேண்டாம் என்கிறார். குழந்தை போய்விட்டது. அந்த ஐந்து நிமிடத்தின் பாரத்தைச் சுமந்த மேனேஜர், ஓய்வுபெற்றதும் பூட்டே இல்லாத கதவோடு ஒரு மருத்துவமனை கட்டுகிறார். அந்தக் கதவுக்கு மேலே கல்லில் ஒரு வாசகம் இருக்கிறது: "இந்தக் கதவுக்குப் பூட்டில்லை. ஒரு முறை மூடியது போதும்." அந்த வாசகமும் என்னுடையதுதான். கல்லில் வெட்டிய என் ஒரே வாக்கியம்.

மூட்டை தூக்குபவரும் என்னுடையவர்தான். மழையும் குழந்தையும் கூட.

நடந்தது இவ்வளவுதான். பதினாலு வருடத்துக்கு முன்னால், ஞாயிறு இணைப்புக்காக அவரைப் பேட்டி காணப் போனேன். மருத்துவமனை ஆரம்பிக்கக் காரணம் என்ன என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். சும்மாதான். ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம் எனக்காகக் காலியாக இருந்தது. சும்மாதான் என்பதை வைத்து அதை நிரப்ப முடியாது. வங்கி வேலையில் எதற்காவது வருத்தப்பட்டதுண்டா என்று கேட்டேன். யோசித்தார். மூன்று தட்டு. "ஒரு தடவை கவுண்டர் மூடினப்புறம் ஒருத்தர் வந்தார். நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன். கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமா இருந்துது. அடுத்த நாள் வந்து வாங்கிட்டுப் போயிட்டார்" என்றார். எனக்கு அது போதும். அவரைத் திருப்பி அனுப்பிய இடத்தோடு உண்மையை நிறுத்திவிட்டு, மீதியை நான் கட்டினேன்.

கட்டுரை வந்த அன்று தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமில்லை; கணக்கு உதைக்கும்போது கேட்பாரே, அந்தக் குரல்.

"மழை எங்கிருந்து சார் வந்துது?"

"அது ஒரு அழகுக்கு."

"சரி. குழந்தை?"

கட்டுரைக்கு அது தேவைப்பட்டது என்றேன். பிறகு, "வாசல்ல ஒருத்தர் அழுதுக்கிட்டு நிக்கறார். ரெண்டு கட்டில் வாங்கித் தரேங்கறார். அவரை என்ன சொல்லி அனுப்ப?" என்றார்.

அனுப்பவில்லை. கட்டில் வந்தது. அதன் பின்னால் மற்றதெல்லாம் வந்தது. எனக்கு ஒரு விருது வந்தது, ஞாயிறு இணைப்பில் சொந்தப் பக்கம் வந்தது, வருடத்துக்கு ஒரு முறை பயிற்சி நிருபர்களுக்கு, தகவலைச் சரிபார்ப்பது எப்படி என்று வகுப்பெடுக்கும் வாய்ப்பு வந்தது. நன்றாகவே எடுப்பேன். இரண்டு பேரிடம் உறுதி செய்யாமல் எதையும் எழுதாதே என்று பலகையில் பெரிதாக எழுதுவேன். பிறக்காத ஒரு குழந்தை பன்னிரண்டு கட்டில்களையும் என் வீட்டு மாடிப் படியையும் கட்டிக் கொடுத்ததை நினைத்தால், பிறந்தவர்கள் யாரும் எனக்கு அவ்வளவு செய்ததில்லை.

பூட்டைப் பற்றிய உண்மையும் பிறகு ஒரு நாள் தெரிந்தது. மருத்துவமனை திறந்த முதல் நாளே சாவி சாக்கடையில் விழுந்துவிட்டது. பூட்டை உடைத்துக் கொடுத்த ஆள், புதுப் பூட்டோடு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். "இருபது வருஷமா அவனுக்கு நாளைக்கு வரல" என்று மேனேஜர் சொல்லிச் சிரித்தார். அதற்குள் கதவின்மேல் கல் ஏறிவிட்டது.

நாங்கள் நண்பர்கள். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை தவறாமல் போவேன். "வாங்க சித்திரகுப்தரே, என் சாவுச் செய்தி எப்படியிருக்கு? வளர்ந்துதா?" என்பார். போன வருடம் அவருக்கு முதல் முறை நெஞ்சு வலி வந்து எழுந்தபோது, அதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இது எங்கள் தொழிலில் செய்யக் கூடாத காரியம். ஆனாலும் எழுதியவனுக்கு வாசகர் வேண்டும் அல்லவா. நாற்பத்தோரு பேரில் யாரும் தங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை.

பென்சிலோடு படித்தார். மழைக்குச் சிவப்பு வட்டம். குழந்தைக்குச் சிவப்பு வட்டம். கடைசி வரியில், "இறுதி வேளையில் நண்பர் ஒருவர் அருகில் இருந்தார்" என்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் "யார்?" என்று எழுதினார்.

"யாராவது இருப்பாங்க. எல்லாருக்கும் பொருந்துற வரி அது" என்றேன்.

"நீங்களே இருந்துடுங்க. வரியும் வீணாப் போகாது" என்றார்.

போன வருடக் கடைசியில் அவருடைய மனைவி இறந்துபோனார். மேனேஜரம்மாவைப் பற்றி நான்தான் எழுதினேன், எட்டு வரி. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு அவர் கொஞ்சம் மாறிவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து உறையின்மேல் நிலா வரைந்துகொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்திவிடுவார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, புதிய குழந்தைகள் வார்டின் திறப்பு விழா. அந்தக் கதையில் வரும் குழந்தையின் பெயரையே வார்டுக்கு வைக்க வேண்டும் என்று நன்கொடை கொடுத்தவர்கள் விரும்பினார்கள். நியாயமான ஆசை. குழந்தையின் பெயர் என்ன என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்காகத்தான் என்னை வரச் சொன்னார்.

மூன்றரைக்குப் போனேன். அறையில் அவர் மட்டும்தான். மேஜையில் ஒரே ஒரு தாள்.

"பேர் கேக்கறாங்க சார்" என்றார்.

"ஒண்ணு வச்சுடலாமே" என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கட்டுரைக்கு ஒரு விவரம் குறைந்தால் நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "இல்லாத குழந்தைக்கு நானும் நீங்களுமா பேர் வைக்கறது? எனக்கு எண்பது, உங்களுக்கு அம்பத்தேழு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" பிறகு அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார். நாளை மேடையில் பேசப்போவதை எழுதி வைத்திருந்தார். வரிக்கு வரி நீல டிக்.

ஓய்வுபெற்ற பிறகு ஆறு மாதம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாராம். சமையலறைக்குப் போய், எண்ணெயை ஏன் இந்தப் பாட்டிலில் வைத்திருக்கிறாய் என்று கேட்டாராம். மேனேஜரம்மா ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. எங்கயாவது ஒரு ரூம் பிடிச்சு உக்காருங்க. உங்களுக்கு வரிசையில ஆளுங்க நின்னாத்தான் மனசு அடங்கும். உங்க டாக்டர் சிநேகிதரையும் கூட்டிக்கங்க, அவரும் வீட்ல சும்மாதான் இருக்கார்" என்றாராம். அறையை வாடகைக்குப் பார்த்தது அந்த அம்மா. முதல் பெஞ்சை வாங்கியது அவர். சூரியனும் நிலாவும் கூட அவருடைய யோசனைதானாம். தாளின் கடைசியில், இத்தனை வருடமாக ஊர் நம்பிய கதை நடக்கவில்லை, அதை மறுக்காமல் இருந்தது என் தப்பு, வார்டுக்கு என் மனைவியின் பெயரை வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தப்பு முழுவதையும் தன் பெயரிலேயே எழுதிக்கொண்டிருந்தார். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் நிதானமாகவே பேசினேன். கதையை நம்பித்தான் கட்டில்கள் வந்தன. கதை போனால் நாளைக்குக் கட்டில்களுக்கு யார் வருவார்கள் என்றேன். நோயாளிகளை நினையுங்கள் என்றேன். நீங்கள் சம்பாதித்த பெயரை எண்பது வயதில் நீங்களே ஏன் அழித்துக்கொள்கிறீர்கள் என்றேன். எல்லாம் நல்ல வாதங்கள். இப்போது கேட்டாலும் நல்ல வாதங்கள்தான். அவர் பென்சிலைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பேரைப் பத்திச் சொல்றீங்களா, உங்க வாக்கியத்தைப் பத்திச் சொல்றீங்களா?" என்றார்.

நண்பர் என்பதால் அப்படிக் கேட்டார். நண்பன் என்பதால் எனக்கும் பதில் தெரிந்திருந்தது.

"எத்தனையோ பேருக்கு எழுதறீங்க. உங்க ஐஸ் பெட்டியில இருக்கறதையும் மாத்திடுங்க. முதல் பத்தியில அவ வரணும். குழந்தையை எடுத்துடுங்க" என்றார்.

குழந்தையை எடுத்தால் அந்தக் கட்டுரையில் மிஞ்சுவது எண்ணெய்ப் பாட்டில். அதைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். விருது, வகுப்பு, கல், இவற்றைப் பற்றிய பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது, பதினாலு வருடம் தேய்த்த முதல் பத்தி போய்விடுமே என்ற வருத்தம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் உங்கள் கோப்பு பார்க்க நன்றாக இருக்கும். எனக்கும் அது புரிகிறது.

நாலு பத்து இருக்கும். அவர் கையை நெஞ்சின்மேல் வைத்தார். முகம் தாள் மாதிரி வெளுத்தது. போன முறை வலி வந்தபோது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுத்தது சிஸ்டர்; மாத்திரைகள் கவுண்டர் இழுப்பறையில் இருந்தன. டாக்டர் ஐந்து மணி வரை உள்ளேதான் இருப்பார். ஆக்ஸிஜன் உருளை அடுத்த வார்டில். எல்லாம் ஒரு குரல் கூப்பிடும் தூரத்தில். இதற்காகவே கட்டிய இடம்தானே அது.

"சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்றார். மெதுவாக, பதற்றமில்லாமல். டோக்கன் கொடுக்கச் சொல்வது மாதிரி.

எழுந்து வெளியே வந்தேன். கூப்பிடத்தான் வந்தேன். அதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். கதவை எனக்குப் பின்னால் சாத்தினேன். ஏன் சாத்தினேன் என்று கேட்டால், பழக்கம்.

கவுண்டரிலிருந்து சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயாவுக்கு மாத்திரை நேரம் வருது. கொண்டுவரவா சார்?"

"தூங்கறார். அரை மணி நேரம் யாரும் தட்ட வேண்டாம்னு சொன்னார்" என்றேன்.

"தூங்கறாரா? நாளைக்கு விழாவை வச்சுக்கிட்டா? அதிசயம்தான்." சிஸ்டருக்கு ஐயாமேல் ஒரு பாசம் உண்டு. "நல்லாத் தூங்கட்டும் பாவம். நீங்க டீ சாப்பிடறீங்களா?"

சாப்பிடுகிறேன் என்றேன்.

கதவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ நன்றாகவே இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் அதிகம். உள்ளேயிருந்து பென்சில் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. சிறிது இடைவெளி. மறுபடி மூன்று. என்னைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் தூக்கம் கலைந்து ஏதோ யோசிக்கிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதற்கடுத்த முறை இரண்டு தட்டுதான் கேட்டது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பதினெட்டு. ஞாயிறு இணைப்பில் என் பக்கம் மூடுவது நாலரைக்கு. அதைத் தவறவிட்டால் செவ்வாய்க்கிழமைதான், அதுவும் உள்பக்கத்தில் ஒரு ஓரம். கைப்பேசியை எடுத்து ஐஸ் பெட்டியைத் திறந்தேன். வயது: எண்பது. தேதி: அன்றைய தேதி. காரணம்: மாரடைப்பு. மூன்று காலி இடங்களையும் நிரப்பிவிட்டு முதல் பத்தியை ஒரு முறை படித்தேன். மழை இருந்தது. குழந்தை இருந்தது. ஒரு சொல்லையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. நாலு இருபத்திரண்டுக்கு அனுப்பினேன்.

ஆசிரியர் உடனே கூப்பிட்டார். "என்னய்யா, மேனேஜரா? உறுதிதானா? ரெண்டு பேர்கிட்ட கேட்டியா?"

"நானே பக்கத்துலதான் இருக்கேன்" என்றேன்.

"அப்ப சரி. பாவம்யா, நல்ல மனுஷன். உனக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டார். சித்திரகுப்தன் அனுப்பினால் ஆள் போயாயிற்று என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத விதி. இருபத்தொன்பது வருடம் உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கை அது.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். அச்சில் வருவதற்கு முன்பே கைப்பேசிகளுக்குச் செய்தி அனுப்பும் பிரிவு ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது. சின்ன வயதுக்காரர்கள், ரொம்ப வேகம். வேறு ஊரில் இருக்கும் அவருடைய மகளின் கைப்பேசிக்கு, அப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி நாலு முப்பத்தாறுக்குப் போயிருக்கிறது. அந்தப் பெண் உடனே மருத்துவமனைக் கவுண்டரைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா சொல்றீங்க? யார் சொன்னது? ஐயா உள்ள தூங்கிக்கிட்டிருக்கார்" என்று சிஸ்டர் சொல்வது எனக்குக் கேட்டது. பிறகு அவர் என்னைப் பார்த்தார். டீ டம்ளர் என் கையில் இருந்தது. அந்தப் பார்வையை நான் எழுத முயன்றதில்லை, முயன்றாலும் வராது. ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடிவந்து கதவைத் தள்ளினார். உடனே திறந்தது.

அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். டாக்டர் வந்து ஒன்பது நிமிடம் பார்த்தார். பத்து நிமிடம் முன்னால் கூப்பிட்டிருந்தால் என்று அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். என்னிடமும் சொன்னார். ஒரு செய்தியாளனாக என் வாழ்க்கையில் நான் முந்திக் கொடுத்த மிகப் பெரிய செய்தி இதுதான். தாமதமாக அனுப்புவதற்காக எத்தனையோ பயிற்சி நிருபர்களைத் திட்டியிருக்கிறேன். முந்தி அனுப்பியதற்காக ஒருவன் மாட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மேஜையில் இருந்த தாளை நான்தான் எடுத்தேன். அது என் வீட்டில், அகராதிக்குள் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விழா இரங்கல் கூட்டமாக மாறியது. மகள் முன்வரிசையில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கட்டுரையை மேடையில் ஒருவர் படித்தார். மழை வந்த இடத்தில் பலர் அழுதார்கள். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அவள் உங்களிடம் வந்தது எனக்கு ஆச்சரியமில்லை.

வார்டின் பெயர்ப் பலகை காலியாக இருந்தது. பெயர் எழுதுபவர் தூரிகையோடு காத்திருந்தார். விழாக் குழுவினர் என்னிடம் வந்தார்கள். அந்தக் குழந்தையின் பெயர் ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும், உங்களிடம் சொல்லியிருப்பாரே என்றார்கள். சொன்னார் என்றேன். ஒரு பெயர் சொன்னேன். இப்போது அது வார்டின்மேல் பெரிய எழுத்தில் இருக்கிறது. அது சின்ன வயதில் வீட்டில் என்னைக் கூப்பிட்ட பெயர். அந்த நேரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

ஆக, சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்: அவர் கூப்பிடச் சொன்னார், நான் கூப்பிடவில்லை, மாத்திரையோடு வர இருந்தவரையும் தடுத்தேன், அவர் இறக்கும் முன்பே இறந்தார் என்று எழுதினேன், எழுதியது சரியாக வரும்வரை காத்திருந்தேன். கொன்றது நான்தான். இதில் எந்தச் சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் கட்டுரை முழுவதும் பொய் என்று உங்கள் அறிக்கையில் இப்போது எழுதுகிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள். மழை பொய். மூட்டை தூக்குபவர் பொய். குழந்தை பொய். இவற்றை ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரியில் பொய் இல்லை. இறுதி வேளையில் நண்பர் ஒருவர் அருகில் இருந்தார். எட்டு அடி இருக்கும். நடுவில் ஒரு கதவுதான். அதற்குப் பூட்டுகூடக் கிடையாது.